இமோஜீனின் நங்கூரம்

கிளெண்டா வாங்கி வந்த கைத்துப்பாக்கி ரோஜா நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. பெண்களுக்கென்றே செய்தது என்று நகரத்துக் கடைக்காரன் சொன்னான். அவளும் நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சமையலறை மேஜைமுன் நின்று, தோட்டா போடாமல், அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கட்டைவிரல் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த கணவன் ராய்ஸ் சிரிக்கவில்லை. முன்பென்றால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான்.

"விடு கிளெண்டா. டல்சா நகரத்துல இருந்து அந்த ஆளு சனிக்கிழமை சாயங்காலம் வர்றான். கடையை அவன் தலையில கட்டிட்டு நிம்மதியா இருப்போம்."

ஏரிக்கரையில் இருக்கும் அந்தத் தூண்டில் கடை, கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பலகை பலகையாக அடித்துக் கட்டியது. பிப்ரவரியில் ஒருநாள் சிகரெட் கேட்டு வந்தவன், சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த துடுப்பை எடுத்து ராய்ஸின் தலையில் ஒரு போடு போட்டுவிட்டுக் கல்லாவை வழித்துக்கொண்டு போய்விட்டான். கிளெண்டா பின்பக்கம் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். அலமாரி சரிந்த சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, சிதறிக் கிடந்த தூண்டில் முட்களுக்கு நடுவே ராய்ஸ் கிடந்தான்.

பிழைத்துவிட்டான். ஆனால் வலது காது கேட்காமல் போய்விட்டது. அதன்பிறகு கடைக்குள் கால் வைக்கவில்லை. கிளெண்டா ஒருநாள் துணிந்து திறந்தாள். வெளியே யாரோ வண்டிக் கதவை அறைந்து சாத்தினார்கள். அவ்வளவுதான், மேஜைக்கடியில் சுருண்டுவிட்டாள். வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று பூட்டிய கடை.

"சனிக்கிழமை நான் கடையைத் திறக்கிறேன். அந்த ஆளு வர்ற வரைக்கும் நின்னுட்டா, நீ விக்கக் கூடாது" என்றாள்.

ராய்ஸ் ரோஜா நிறத் துப்பாக்கியைப் பார்த்தான். "இதை வச்சுக்கிட்டா?"

"இதைச் சுடக் கத்துக்கிட்டு."

"நின்னுட்டா விக்கல" என்றான். அவள் நிற்பாள் என்று அவன் நம்பவில்லை.

வியாழக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தில், மண்மேட்டுக்கு முன்னால், பெண்கள் கூடிச் சுட்டுப் பழகுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டு வரவேண்டும், கூடவே தன் துப்பாக்கியையும். ஒரு மேஜையில் வறுத்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் பீன்ஸும் இருக்கும். தள்ளிப் போட்ட இன்னொரு மேஜையில் துப்பாக்கிகள், தோட்டா எடுத்து, திறந்தபடி இருக்கும். புதிதாக வருகிறவள் எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்துத் தனக்கு எது சரி என்று தெரிந்துகொள்ளலாம். சுட்டவள் கை கழுவாமல் சாப்பாட்டு மேஜைப் பக்கம் வந்தால் திட்டு விழும்.

கிளெண்டா தன் துப்பாக்கியை வைத்ததும் இமோஜீன் குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. இப்போது இமோஜீன் ஊரில் அழகு நிலையம் நடத்துகிறாள்.

"அடியே, இது என் கடை நகப்பூச்சு கலருல்ல! சுடுறதுக்கா, விரலுக்குப் பூசிக்கவா?"

"நீ பேசாத இமோஜீன்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "உன்னோடது துப்பாக்கியா? நங்கூரம். கயித்துல கட்டி ஏரியில போட்டா படகு நிக்கும்."

"நிக்கட்டுமே. என் ரெண்டு புருஷனுங்களும் ஒரு எடத்துல நின்னதில்ல."

சிரிப்பு அடங்கியதும் பயிற்சியாளர் வந்தாள். பெயர் டெஸா. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். மற்ற நாட்களில் ஊர்ப் போலீசான ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை. ரோஜா நிறத் துப்பாக்கியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"சின்னதா இருந்தா சுலபம்னு சொல்லி வித்திருப்பாங்க. நேர்மாறுதான் அக்கா. எடை இல்லாத துப்பாக்கி, உதை முழுசையும் உங்க கைக்கே குடுத்துடும். சுட்டுப் பாருங்க, தெரியும்."

மேல்பாகத்தை டெஸாதான் இழுத்துவிட்டாள். கிளெண்டா சுட்டாள். கழுதை உதைத்தது போலக் கை எகிறியது. தோட்டா இலக்குக்கு வெகு முன்னாலேயே மண்ணில் புதைந்தது. மற்றவர்களுடையதையும் சுட்டுப் பார்த்தாள். ஒன்று பரவாயில்லை, ஒன்று மோசம். கண்களில் நீர் முட்டியது.

"நங்கூரத்தைக் குடுத்துப் பாரு" என்றாள் இமோஜீன்.

அது நீளக் குழல் வைத்த பழைய ரிவால்வர். ஏலத்தில் எடுத்தது. இழுக்க வேண்டிய மேல்பாகமே கிடையாது. உருளையைத் திறந்து தோட்டாவைப் போட்டு மூடினால் போதும். டெஸா திரும்பி நின்று தோட்டா போட்டு மூடிக் கொடுத்தாள்.

முதல் குண்டு வெடித்தது. கை வலிக்கவில்லை! அந்தக் கனம் உதையை விழுங்கிவிட்டது. ஆனால் குண்டு மறுபடியும் தாழப் போயிருந்தது. இரண்டாம் முறை விசையை அழுத்தினாள். 'க்ளிக்'. சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனாலும் குழல் முனை, மீன் கடித்த மிதவை போலப் பொசுக்கென்று முங்கியது. எல்லாரும் பார்த்தார்கள்.

"வேணும்னுதான் நடுவுல காலித் தோட்டா போட்டேன்" என்றாள் டெஸா. "தப்பு துப்பாக்கியில இல்லக்கா. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே உங்க உடம்பு குனிஞ்சுடுது."

கிளெண்டாவுக்கு முகம் சுட்டது. மேஜைக்கடியில் சுருண்ட அதே உடம்பு.

"அழுதுடாதடி" என்றாள் இமோஜீன். "மொத நாள் நான் சுட்டு முடிச்சு வீட்டுக்குப் போன பிறகுதான் கண்ணையே தொறந்தேன்."

"மறுபடி சுடலாம். எது வெடிக்கும், எது வெடிக்காதுன்னு சொல்ல மாட்டேன்" என்று டெஸா காதருகே வந்தாள். "மெதுவா மூச்சு விடுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன். எங்கேயும் போகமாட்டேன்."

கிளெண்டா ரிவால்வரை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ரத்தத்தில் வழுக்கிய போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ராய்ஸின் தலையில் துணியை அழுத்திப் பிடித்திருந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை அவசர உதவி எண்ணிலிருந்து காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்த குரல்.

"அன்னைக்குப் போன்ல... நீதானா அது?"

"நான்தான்கா. நீங்க வாயைத் தொறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. ஞாபகப்படுத்த வேணாம்னு இருந்தேன்."

"உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாம போனை வச்சுட்டேனே பொண்ணே!"

"எல்லாருமே வண்டி வந்ததும் வச்சுடுவாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல." டெஸா தயங்கினாள். "அவரு எப்படிக்கா இருக்காரு?"

"இருக்கான். நீ சொன்ன மாதிரி அழுத்திப் பிடிச்சதாலதான் இருக்கான். ஆனா கடைக்குள்ள மட்டும் வரமாட்டேங்கிறான்."

கிளெண்டா அவளைக் கட்டிக்கொண்டாள். இமோஜீன் எதற்கோ மூக்கைச் சிந்தினாள்.

அதன்பிறகு வெயில் சாயும் வரை சுட்டார்கள். வெடித்தது, வெடிக்கவில்லை, வெடித்தது. கடைசியில் ஒரு 'க்ளிக்'குக்கு முனை அசையாமல் நின்றபோது பெண்கள் பாத்திர மூடிகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க" என்றாள் டெஸா. "எதிர்ல யாரு, அவங்களுக்குப் பின்னாடி யாரு. ரெண்டையும் கண்ணு பாத்து முடிக்கிற வரைக்கும் விரல் விசைப் பக்கமே போகக் கூடாது."

இமோஜீன் ரிவால்வரை உறையோடு கிளெண்டாவிடம் நீட்டினாள். "எடுத்துட்டுப் போ. உன்னோடது என்கிட்ட பணயமா இருக்கட்டும். கண்ணாடி முன்னாடி வச்சா அழகா இருக்கும்."

சனிக்கிழமை கிளெண்டா கடையைத் திறந்தாள். இடுப்பில் நங்கூரம் கனத்தது. மீன் பிடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, ராய்ஸை விசாரித்து, தூண்டிலும் ஐஸும் வாங்கிப் போனார்கள். மதியம் கடை காலியாக இருந்தபோது, பின்பக்கக் கதவு 'தடார்' என்று அறைந்து திறந்தது. அலமாரி சரிந்த அதே சத்தம்.

கை இடுப்புக்குப் போனது. உடம்பு குனியவில்லை. விரல் உறைமேல் நீட்டியபடியே நின்றது. கண்தான் முதலில் போனது.

எதிரே யார்? கிளீட். ஏரிக்கரைக் கடைகளுக்கெல்லாம் தூண்டில் இரைக்குப் பொடிமீன் கொண்டு வருகிறவன். இரு கையிலும் வாளி. எப்போதும் போலக் கதவை பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்திருந்தான். பின்னால் யார்?

பின்னால் மூன்றாவது வாளியைத் தூக்கிக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி, ராய்ஸ் நின்றிருந்தான்.

கிளெண்டா கையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன கிளெண்டா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றான் கிளீட்.

"இன்னொரு தடவை கதவை உதைச்சே, உன்னைத் தொட்டியில போட்டு மீனோட மீனா வித்துடுவேன்!"

ராய்ஸ் படியைத் தாண்டி உள்ளே வந்தான். நல்ல காதை அவள் பக்கம் திருப்பி, "நீ இன்னும் நின்னுட்டு இருக்கியான்னு பாக்க வந்தேன்" என்றான். பிறகு வாளியை இறக்கி வைத்துவிட்டு, "டல்சாக்காரனுக்குப் போன் பண்ணு. வீணா அவ்வளவு தூரம் வரவேணாம்" என்றான்.

கிளெண்டா போன் செய்தாள். டல்சாக்காரனுக்கு இரண்டாவதாகத்தான்.

"டெஸா, நான் கிளெண்டா. அவன் எப்படி இருக்கான்னு கேட்டியே. கடைக்குள்ள இருக்கான். மீன் தொட்டியை நான் சரியா கழுவலைன்னு கத்திட்டு இருக்கான்."

மறுமுனையில் "ரொம்ப நன்றிக்கா" என்றது அந்தக் குரல்.

"நீ எதுக்குடி எனக்கு நன்றி சொல்ற? அப்புறம், நங்கூரத்தை இமோஜீன் திருப்பிக் கேட்டா தரமாட்டேன்னு சொல்லிடு. அந்த நகப்பூச்சை அவளே வச்சுக்கட்டும்."