மாற்றுப் பெட்டி

காற்றடிக்கிற நாளில் மருந்தடிக்காதே என்று சொல்லிச் சொல்லி லவீனியாவின் வாய் வலித்ததுதான் மிச்சம். பக்கத்து நிலத்துக்காரன் தன் சூரியகாந்திக்கு அடித்த மருந்து, வேலி தாண்டி அவளுடைய பீன்ஸ் செடிகளின் மேல் இறங்கியது. அன்றைக்கே அவற்றை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டாள். தக்காளியும் குடைமிளகாயும் மற்ற காய்களும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அவற்றின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை.

"பீன்ஸ் சரியா காய்க்கலன்னு சொல்லிடட்டுமா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

பக்கவாதம் வந்து வசந்தத்திலிருந்து படுக்கையில் கிடக்கும் திபேரியுவுக்கு இதுவரை நாக்கு மட்டும்தான் குணமாகியிருந்தது. "அடிப் பைத்தியமே! நம்ம வாய்ச்சொல்லை நம்பித்தானே டவுன்காரங்க வருஷ விளைச்சலுக்கும் முன்பணம் குடுத்துப் பங்கு போட்டிருக்காங்க? ஆலங்கட்டி விழுந்து எல்லாம் போனப்பவும் கூட நின்னாங்களே. உள்ளதைச் சொல்லு. அவங்க விட்டுட்டுப் போக மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை திமிஷோரா நகரத்தில், வாராவாரம் காய் பங்கிடும் தேவாலயத்தின் பின்முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பங்குக்காரர்கள் எல்லோரும் வந்ததும் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தாளைச் சும்மா விடக் கூடாதும்மா!" என்று ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் கொர்னேலியு கொதித்தார்.

கைக்குழந்தையோடு நின்ற ஒசானா அவளைக் கட்டிக்கொண்டாள். "உங்க மேல என்னக்கா தப்பு? நாங்க இல்லையா?"

லவீனியாவுக்குக் கண்ணீர் முட்டியது. புருஷன் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் பையை நிரப்பிக்கொண்டு, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஆறுதல் சொல்வதில் அந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் மாற்றுப் பெட்டி இருக்கும். கத்தரிக்காய் பிடிக்காதவர் அதில் போட்டுவிட்டு வேறொருவர் போட்ட வெள்ளரியை எடுத்துக்கொள்ளலாம். யார் எதைப் போட்டார்கள் என்று பார்ப்பது நாகரிகமில்லை. யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

கடைசியில் அதைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி நிரம்பி வழிந்து, சுவரோரம் தரையிலும் குவிந்து கிடந்தது. தக்காளி, குடைமிளகாய், கத்தரி, எல்லாமே. ஒசானாவின் குழந்தைக்கென்று அவள் தனியாகக் கட்டி வைத்திருந்த குட்டித் தக்காளிப் பொட்டலம் முடிச்சுகூட அவிழாமல் இருந்தது.

யாரைக் குறை சொல்வது? பிள்ளை பெற்றவர்கள், பயப்படத்தான் செய்வார்கள். முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வழியில் வாய்க்காலோரம் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டினாள். பழுத்த தக்காளிகள் தண்ணீரில் மிதந்து போயின. வாய்விட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

"சொன்னியா?" திபேரியு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்தான் பாவம்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாங்க இல்லையான்னாங்க."

"காய்?"

"ஒண்ணுகூட மிஞ்சல."

அவன் முகத்தின் அசையும் பாதி மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே! நீதான் நம்பல." பிறகு பொய்க் கோபத்தோடு அவளைப் பார்த்தான். "அதுக்காக மொத்தத்தையும் வாரிக் குடுத்துடறதா? கட்டின புருஷனுக்கு ஒரு தக்காளி எடுத்து வைக்கணும்னு தோணலையாடி?"

"தோணலை," என்றாள் லவீனியா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.