மோசெலான்ஜா என்று எந்தப் பூவும் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது இல்லை. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ம்மே செகோன்யானா சொன்னது. (ம்மே என்றால் அம்மா. எங்கள் லெசோத்தோ மலையில் வயது வந்த பெண்கள் எல்லாருமே ம்மேதான்.) அதைத் திட்டவும் முடியாது, நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு வருஷமாக ஊரே சேர்ந்து சுமந்த பொய் இப்போது என் ஒருத்தி கையில் வந்து நிற்கிறது. விடிந்தால் சனிக்கிழமை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

"எங்கள் ஏழைக் குழந்தைகளைக் காப்பாற்றத் தூர தேசத்திலிருந்து வந்த அந்த வெண்ணிறத் தேவதை" – இதோடு நிறுத்திவிட்டேன். தேவதைகள் குறட்டை விடுவார்களா தெரியாது. ஸ்தென்கா விடுவாள்.

"உதவி செய்கிறேன் என்று வந்து ஒரு வார்த்தையும் புரியாமல் திண்டாடிய வெள்ளைக்காரியின் வேடிக்கையான" – இதையும் விட்டுவிட்டேன். குழந்தைகள் வார்டில் அவள் ஊசி போட்டால் அழுகைச் சத்தம் பாதிதான் வரும். அப்படிப்பட்டவளை வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, வேறு ஆளிடமிருந்து தொடங்குகிறேன்.

2

தோபேலாவுக்குப் பதினாறு வயது. (தோபேலா நான் இல்லை. அப்படி வைத்துக்கொள்வோம். 'நான்' என்று எழுதினால் ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது, 'அவள்' என்றால் கொஞ்சம் தூரத்தில் நின்று பார்க்கலாம்.)

அவளுடைய அம்மாவை ஊரில் எல்லாரும் மா-கௌஹெலோ என்று கூப்பிடுவார்கள், கௌஹெலோவின் அம்மா என்று. மூத்த பிள்ளையின் பெயரில்தான் தாயைக் கூப்பிடுவது வழக்கம். மூத்தவன் கௌஹெலோ நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டான். அடுத்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவள் தோபேலா. 'சும்மா ஒரு பொருள்' என்று அர்த்தம்.

இரண்டு பிள்ளைகள் போன வீட்டில் மூன்றாவதுக்கு யாராவது அழகான பெயர் வைப்பார்களா? எடுத்துப்போகிறவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவன் காதில் விழுகிற மாதிரி 'குப்பை', 'ஒன்றுக்கும் உதவாதது' என்று கூப்பிட வேண்டும். அவனும் இது தேறாது என்று போய்விடுவான். ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அவனுக்கும் கேட்டுவிடும்.

[இதோ, நானே எழுதிவிட்டேன். எழுதுவது சொல்வதில் சேருமா? சத்தம் வரவில்லையே. இந்தப் பத்தியைப் பிறகு அழித்துவிடலாம்.]

போன குளிர்காலத்தில் ஸ்தென்கா வந்தாள். செக் நாட்டு நர்ஸ், இருபத்தாறு வயது. சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் வேலை செய்ய ஒப்புக்கொண்டு வந்தவள். காலையில் குழந்தைகள் வார்டு, புதன்கிழமை மட்டும் எங்கள் பள்ளியில் சுகாதார வகுப்பு. மா-கௌஹெலோ ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். அவள் வீட்டு வட்ட அறைதான் ஸ்தென்காவுக்குக் கிடைத்தது. முதல் நாளே கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்புகள் உறைந்து பலகை மாதிரி நிற்பதைப் பார்த்து, அதில் ஒன்றைத் தட்டி, கதவைத் தட்டுவதுபோல "உள்ளே யாரு?" என்று கேட்டாளாம். அன்றைக்கே அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அந்த மாதமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பனியில் பாதை அடைத்துக்கொண்டது, தலைநகருக்கு அனுப்ப வழியில்லை. டாக்டர் இருக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மா-கௌஹெலோ தன் கம்பளியை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டு, கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"இது யாருன்னு நெனச்ச? இது ஒண்ணுமில்ல. நாய்வாலு! மோசெலான்ஜா! ஏய் மோசெலான்ஜா, பொணம் மாதிரி கெடக்காத, எந்திரிச்சுக் கஞ்சியக் குடி!"

காலையில் காய்ச்சல் இறங்கியது. மருந்தும் உள்ளே போயிருந்தது. இரண்டில் எது என்று என்னைக் கேட்காதீர்கள், உயிரியலில் நான் வகுப்பிலேயே முதல். (தோபேலா. தோபேலா முதல்.)

3

எழுந்து வார்டுக்கு வந்தபோது எல்லாருமே அவளை மோசெலான்ஜா, அதாவது நாய்வால், என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். "என் பேரு! அர்த்தம் என்ன?" என்று கேட்டாள்.

ஒரு தாய் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்யத் தொடங்கினாள். ம்மே செகோன்யானாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அது ஒரு பூ. மஞ்சப் பூ. ரொம்ப ஒசரத்துலதான் பூக்கும்."

அதன்பிறகு ஊருக்குப் பெரிய வேலை வந்து சேர்ந்தது. ஸ்தென்கா போகிற இடமெல்லாம் அந்தப் பூவைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். ஆடு மேய்க்கிறவர்கள் ஒன்றைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரி டிரைவர் வேறொன்றைக் காட்டினார்.

"ஆனா அன்னிக்குக் காட்டினதுல அஞ்சு இதழ். இதுல நிறைய?"

டிரைவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அது பொம்பளப் பூ, அவுசி. இது ஆம்பள."

(அவுசி என்றால் அக்கா. போனில் தேடிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? எங்கள் மொழியைப் போன் அரைகுறையாகத்தான் படித்திருக்கிறது. அதோடு, ஆசையாக வைத்த பெயரை யாராவது சந்தேகப்பட்டுத் தேடுவார்களா?)

புதன்கிழமைகளில் வகுப்பு முழுக்க எழுந்து நின்று ஒரே குரலில் "காலை வணக்கம், அவுசி நாய்வால்" என்று சொல்வோம். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. கேலி என்றால் சிரித்திருப்போம்.

4

வியாழக்கிழமை. இந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தோபேலாவும் ஸ்தென்காவும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு முனை. ஸ்தென்கா தனக்கு வந்த அரைகுறை சேசோத்தோவில், அதாவது எங்கள் மொழியில், சொன்னாள்: "என் தங்கச்சி பிள்ளை வரப் போகுது. அடுத்த மாசம். பொண்ணு. பேரு முடிஞ்சாச்சு."

"என்ன பேரு அவுசி?"

ஸ்தென்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "மோசெலான்ஜா. தங்கச்சிக்கு ரொம்பப் பிடிச்சுது. சனிக்கிழமை டாக்ஸி ஏறறப்ப எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உங்கம்மாகிட்ட முதல்ல!"

தோபேலாவின் முனை கீழே விழுந்தது. துவைத்த விரிப்பு, மறுபடி மண்.

5

அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. துவைக்கும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அந்த ஊரு பாதிரியார் அங்கி எல்லாம் போட்டுக்கிட்டு, தலையில தண்ணி ஊத்தி, நாய்வாலேன்னு... ஐயோ, எனக்கு வயிறு வலிக்குதுடி..."

பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த வீட்டுல பிள்ளைங்க யாராவது போயிருக்காங்களா?"

"தெரியாது, ம்மே."

"யாரும் போகாத வீட்டுல அந்தப் பேர வைக்கக் கூடாது. அவனுக்குத் தெரியாத வாசல நாமளே கைகாட்டி விட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப அவுசிகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லாத!" அம்மா ஈரக் கையாலேயே தோபேலாவின் வாயைப் பொத்தினாள். சோப்பு வாசனை. "நாளன்னைக்கு அவ அவ்ளோ ஒசரத்துல பறக்கப் போறா. இப்பவா அவ மேல போத்தினத உருவுவ? நீயும் எந்தப் பேருல உயிரோட இருக்கேன்னு யோசிச்சுப் பாரு."

அம்மா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தன் பெயரின் காரணத்தைத் தோபேலா தானாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். பள்ளியில் ஒரு பையன் 'ஏய் சும்மாப் பொருளே' என்று கத்திய நாளில் வீட்டுக்கு ஓடி வந்து, ஏன் எனக்கு மட்டும் இப்படிப் பெயர் என்று கேட்டு அழுதாள். அம்மா கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுகாட்டு மேட்டில் இருந்த இரண்டு சின்னக் கற்குவியல்களைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. நடுவில் இருந்த காலம் முழுக்க, அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அவளுக்குப் பயம். சொன்னால் ஸ்தென்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, தனக்கும். சொல்லாவிட்டால், எங்கேயோ ஒரு பெண் வளர்ந்து, ஒருநாள் யார் வாயிலிருந்தோ நாய்வால் என்று கேட்டு, ஆப்பிரிக்காவில் என் பெரியம்மாவை ஒரு வருஷம் கேலி செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைப்பாள். அவளுக்குப் பார்த்துப் புரிந்துகொள்ள அங்கே ஒரு மேடுகூட இருக்காது.

6

[அடுத்து வருவதை இரண்டு தடவை அழித்தேன். கதை எழுதித்தந்தால் எங்கள் ஆசிரியர் சிவப்பு மையில் 'ரொம்ப வசதியாக இருக்கிறது' என்று எழுதுவார். நம்பவில்லை என்றால் தாண்டிப் போங்கள். ஆனால் நடந்தது இதுதான்.]

வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, தோபேலா சுற்றிவளைத்துக் கேட்டாள். "அவுசி, உங்க தங்கச்சிக்கு இதுதான் மொதல் கொழந்தையா?"

ஸ்தென்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை மறுபடி மடித்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள்.

"பொறந்துச்சு. இருக்கல. ரெண்டும்." வார்த்தை தேடினாள். "அதான் இந்தப் பேரு. பெரிய மலை, பெரிய குளிர், அங்கயும் பூக்கிற பூ. தங்கச்சிக்கு அப்படிப் பூ வேணும்."

தோபேலா அம்மாவிடம் ஓடினாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அது அந்தப் பிள்ளையோட பேருதான்," என்றாள்.

"ஆனா ம்மே, அங்க எல்லாரும் பூவுன்னுதானே நெனச்சுக் கூப்பிடுவாங்க? எவ்ளோ அழகான பேருன்னு கொஞ்சுவாங்க. அது அவன் காதுல விழாதா?"

"விழட்டும். அவனுக்கு நம்ம பாஷை நல்லாத் தெரியும்." அம்மா இஸ்திரிப் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள். "நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவ வந்திருக்கானே."

விரிப்பின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

7

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று முயற்சி செய்தேன்.

முதல் முடிவில் தோபேலா சொல்லிவிடுகிறாள். ஸ்தென்கா அழுகிறாள், இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், பின்னால் சூரியன் உதிக்கிறது. சூரியனை நான்தான் போட்டேன். அந்தப் பக்கம் மேற்கு.

இரண்டாவதில் சொல்லவில்லை. ஸ்தென்கா டாக்ஸி வாசலில் பெயரை அறிவிக்கிறாள். ஊரே கைதட்டுகிறது, ம்மே செகோன்யானா போர்வையால் முகத்தை மூடிக்கொள்கிறார், சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி. இது நடக்கக்கூடியதுதான். எழுதி முடித்தபோது கற்குவியலைப் பார்க்காத அந்தப் பெண்ணின் முகம்தான் கண்முன் வந்தது.

மூன்றாவதில் அம்மா வழியனுப்ப வருகிறாள். கட்டிப்பிடிக்கவில்லை, தள்ளி நின்று கத்துகிறாள்: "போ போ, சனியன் தொலைஞ்சுது! தின்ன கஞ்சிக்கு வேல செஞ்சியா? உன்ன யாரு கேக்கப் போறா, நாய்வாலு! இனிமே இந்தப் பக்கம் வந்துடாத!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஸ்தென்கா திகைத்துப்போய் என்னைப் பார்க்கிறாள். அவள் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பது என்னைத்தான்.

(ஆமாம், என்னை. 'அவள்' என்று எழுதிக் களைத்துவிட்டேன்.)

மூன்றாவதுதான் நடக்கும் என்று தெரியும். அம்மாவுக்கு வேறு மாதிரி வழியனுப்பத் தெரியாது. ஸ்தென்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்பாள். ஆள் நிறைந்துவிட்டால் டாக்ஸி நிற்காது, டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். நான் வாயைத் திறப்பேன். அதற்குப் பிறகு எழுத மாட்டேன். எழுதிவைத்தால் அப்படியே செய்ய வேண்டியதாகிவிடும். இந்த இருட்டில் யார் பக்கத்தில் நின்று படிக்கிறான் என்றும் தெரியாது.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தப் பிள்ளை பேசத் தொடங்கியிருப்பாள். அந்தக் குளிர்நாட்டுப் பக்கம் போனால், ஒரு சின்னப் பெண்ணை யாராவது மோசெலான்ஜா என்று கூப்பிட்டால், கொஞ்சம் நில்லுங்கள். உன் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

பூ என்று சொன்னால், நான் வாயை மூடிக்கொண்டுவிட்டேன் என்று அர்த்தம். அதற்குமேல் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. உங்களுக்கும் இப்போது தெரியும்.

நாய்வால் என்று சொல்லிச் சிரித்தால், நீங்களும் சிரியுங்கள். ஆனால் தயவுசெய்து அழகான பெயர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சே, இதெல்லாம் ஒரு பேரா, இவளெல்லாம் ஒரு பிள்ளையா என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.