சலவைக்கூடத்தில் மௌனம்

அம்மா, நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. குரலைக் கேட்டால் பயந்துவிடுவாய், அதனால் எழுத்தாகவே அனுப்புகிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கைவிரிப்புகளை உள்ளே இழுத்துச் சூட்டில் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரம் இருக்கிறது. கை உள்ளே போய்விடாமல் இருக்க முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். சும்மா சும்மா நின்று வேலை கெடுகிறது என்று மேற்பார்வையாளர் அந்தக் கம்பி அசையாதபடி டேப் சுற்றிவிட்டார். போன வாரம் என்னோடு நின்று விரிப்பு மடிக்கிற நம்மூர் அக்காவின் (மடிப்பு அக்கா என்பேன்) மணிக்கட்டு உள்ளே போய் வெந்துபோனது.

இந்த ஊர்ப் பாஷை கேட்டால் புரியும்; பேசத் தெரிந்த நூறு வார்த்தையை வைத்து மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை முறையிட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்: “நீ என்ன சொல்றன்னே புரியல.” கூடுதல் நேரம் நிற்கிறேன் என்று சொன்னால் மட்டும் என் பேச்சு தெளிவாகப் புரிகிறது.

இன்று எங்கள் மன அமைதிக்காகத் தியானம் சொல்லித்தர ஒரு ஜென் வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். இயந்திரத்தை நிறுத்தவில்லை. அது இரைய இரைய எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மடிப்பு அக்கா மட்டும் கட்டுப்போட்ட கையோடு விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள்.

“வார்த்தையை விடுங்க. பேச்சு நின்ன இடத்துலதான் உண்மை இருக்கு” என்றார் வாத்தியார். மேற்பார்வையாளர் பலமாகத் தலையாட்டினார்.

பேசிப் பேசிச் சலித்தவருக்கு மௌனம் ஓய்வு. பேசியும் காதில் விழாதவளுக்கு அது என்ன?

மடிப்பு அக்கா என் பக்கம் குனிந்தாள். “ரெண்டு வருஷமா வாயே திறக்கலடி நான். ஞானம் வந்திருக்கணும், கொப்புளம்தான் வந்திருக்கு.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். “மௌனம்னா என்ன? வார்த்தை இல்லாம சொல்லும்மா.”

எழுந்து போய் டேப்பைப் பிய்த்தேன். நகம் உடைந்தது. கம்பியை ஓங்கித் தட்டினேன். இயந்திரம் நின்றது. கூடம் முழுக்க அப்படி ஒரு நிசப்தம்.

வாத்தியார் கண்ணை மூடிச் சிரித்தார். அவருக்கு அது தத்துவம். மேற்பார்வையாளருக்குத்தான் சரியாகப் புரிந்தது. “மறுபடி ஒட்டு. இல்லன்னா வெளிய போ.”

“இப்ப மட்டும் எப்படிப் புரிஞ்சுது?” என்று தமிழிலேயே கேட்டேன். கசங்கிய டேப்பை அவர் சட்டையில் ஒட்டினேன். அக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

இருவரும் வாசலில் நிற்கிறோம். நாளைக்கு வேலை இருக்குமா தெரியாது. உள்ளே இயந்திரச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.