நாலு மணிக்குத் திறக்கும் கேட்

சந்திரமதி சிஸ்டராகப் பொறுப்பேற்ற அன்று, பிரசவ வார்டில் நோயாளிகளைவிடத் துணைக்கு வந்தவர்கள்தான் அதிகம். கட்டிலுக்கு அடியில் மாமியார்கள், கட்டிலுக்கு மேலே பிள்ளைகள், வராந்தாவில் மூட்டிய அடுப்பு, போதாததற்குத் தூணில் கட்டிய ஓர் ஆடு. அந்தமானில் ரங்கத் என்ற ஊருக்கு வடக்கே காடு வெட்டிக் குடியேறிய கிராமங்களுக்கெல்லாம் அந்தச் சின்ன ஓட்டுக் கட்டடம்தான் ஆஸ்பத்திரி. மாட்டு வண்டியிலும் தூளியிலும் சேற்றைக் கடந்து வந்தவர்களை வெளியே போ என்று யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. அந்த மழைக்காலத்தில் ஜன்னி கண்டு மூன்று தாய்மார் போய்ச் சேர்ந்தார்கள். நல்லபடியாகப் பெற்றெடுத்த பிறகு, அழுக்குக் கையாலும் அழுக்குத் துணியாலும் செத்தார்கள்.

இனி ஒருத்தியும் இந்த வார்டில் சாகக் கூடாது என்று சந்திரமதி முடிவு கட்டினாள். துணைக்கு வருபவர்கள் வெளியே இருக்க வேண்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வந்து பார்க்கலாம் என்றாள். முதலில் எதிர்த்தது ஊர்க்காரர்கள் இல்லை, ஆஸ்பத்திரி ஆட்கள்தான்.

"இது மெயின்லேண்ட் இல்ல சிஸ்டரம்மா. இங்க தஸ்தூர், பழக்கவழக்கம் வேற," என்றார் வார்டு ஆள் குழந்தைவேலு. ராமநாதபுரத்துக்காரர். அந்தமானுக்கு வந்த நாளிலிருந்து அங்கேயே வேலை. ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. "சொந்தக்காரங்கள விரட்டிட்டா பெட்பேன் யாரு எடுக்கறது? நீங்க எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்," என்றாள்.

எடுக்கவும் செய்தாள். காலையில் ஊசி போட்ட கையாலேயே பெட்பேனைக் கழுவினாள், தரையைத் துடைத்தாள், தண்ணீர் சுமந்தாள். குழந்தைவேலு சில நாள் வேடிக்கை பார்த்தார். பிறகு ஒரு நாள் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு போனார். ஆயா அன்னம்மாளுக்கு வேறு வருத்தம். துணைக்கு வருபவர்கள் கொடுக்கிற மீன் குழம்பு போயிற்றே என்று முனகிக்கொண்டே இருந்தாள். சந்திரமதி தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்கு எடுத்து வைத்தாள். முனகல் நின்றது.

சந்திரமதி கெட்டிக்காரி. யார் அதிகம் முரண்டு பிடித்தாரோ அவர் கையிலேயே வேலிக் கேட்டின் சாவியைக் கொடுத்தாள்.

"நாலு மணிக்கு மணியடிச்சுத் திறங்க அண்ணே. அஞ்சு மணிக்கு மூடிடுங்க. யாரு என்ன காரணம் சொன்னாலும் சரி, கேட்டை விட்டு நகராதீங்க. ஒருத்தருக்குத் திறந்தா அடுத்தவன் ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வந்திடுவான்."

குழந்தைவேலு சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். மர டிப்போவில் கேட்டு வாங்கிய தண்டவாளத் துண்டை வேலியோரப் படாக் மரத்தில் மணியாகத் தொங்கவிட்டார். கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். ஜனங்கள் கெஞ்சினார்கள், கத்தினார்கள், நண்டும் மீனும் கொண்டுவந்து நீட்டினார்கள். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள் என்று அழுது உள்ளே ஓடிய ஒருவன், போய்ப் பார்த்தால் அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு குழந்தைவேலு யார் கண்ணீரையும் நம்பவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்.

வார்டு பளிச்சென்று ஆனது. வெள்ளை விரிப்பு, கழுத்துவரை இழுத்துச் செருகிய கம்பளி, கட்டிலுக்கு அடியில் வெறும் தரை. ஜன்னி அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. சந்திரமதிக்குப் பெருமை இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

பிரமீளா வந்தது ஒரு மழை நாளில். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கப்பலிறங்கி வருஷம்கூட ஆகவில்லை. ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காலையில் ஆண் குழந்தை பிறந்தது. சந்திரமதி எல்லாம் பார்த்து, துடைத்து, சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக் கட்டிலில் படுக்க வைத்தாள். அந்தச் சமயம் பார்த்து வண்டியில் ஒரு தெலுங்குப் பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டர் சிவஞானம் ரங்கத்துக்குப் போயிருந்தார். சந்திரமதி பிரசவ அறைக்குள் போனவள்தான். அன்னம்மாள் வெந்நீருக்கும் வார்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பிரமீளாவின் மாமியார் கேட்டுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பெங்காலியில் சொன்னாள். முதல் பிரசவத்தில் இவளுக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நேரம் கழித்து ரத்தம் கொட்டியது, ராத்திரி பூரா நான்தான் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தேன், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

குழந்தைவேலுவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இதைப்போல எத்தனை கதை கேட்டாயிற்று.

"நாலு மணிக்கு, மா. இப்ப நை ஹோகா, முடியாது," என்றார். கிழவி காலில் விழுந்தாள். அவர் காலை விலக்கிக்கொண்டார். உள்ளே போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் தோன்றியது. ஆனால் கேட்டை விட்டு நகரக் கூடாதே.

அதே நேரத்தில் உள்ளே பிரமீளா அன்னம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, மா, மா என்றாள். மாமியாரைக் கூப்பிடுகிறாள் என்பது அன்னம்மாளுக்கு நன்றாகவே தெரிந்தது. எல்லாப் பெண்களும்தான் கூப்பிடுகிறார்கள். "சார் பஜே, பேட்டி. நாலு மணிக்கு வருவாங்க," என்று விரலைக் காட்டினாள். கை ஜில்லென்று இருந்ததால் இன்னொரு கம்பளியைப் போர்த்தி, சிஸ்டருக்குப் பிடிக்கிற மாதிரி கழுத்துவரை செருகிவிட்டு வெந்நீருக்கு ஓடினாள்.

தெலுங்குப் பெண்ணும் பிள்ளையும் பிழைத்தார்கள். சந்திரமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தபோது பிரமீளா தூங்குவதுபோல இருந்தாள். கட்டிலுக்கு அடியில், முன்பெல்லாம் ஒரு மாமியார் பாய் விரித்துப் படுத்திருக்கும் இடத்தில், ரத்தம் தேங்கியிருந்தது. கம்பளியை விலக்கினாள். வயிற்றை அழுத்தினாள், ஊசி போட்டாள், ஆட்களைக் கத்திக் கூப்பிட்டாள். எல்லாம் முடிந்து போயிருந்தது.

வெளியே தண்டவாள மணி அடித்தது. நாலு மணி.

மறுநாள் டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "இந்த மாதிரி எங்கேயும் நடக்கும் சிஸ்டர். ஜன்னி கேஸே இல்லாமப் பண்ணிட்டீங்க, அத நெனச்சுப் பாருங்க," என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது.

குழந்தைவேலு வார்டு வாசலில் நின்றார். கிழவி சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். பிறகு கேட்டார்.

"நான் சரியாத்தான செஞ்சேன் சிஸ்டரம்மா?"

இல்லை என்றால் அந்த மனிதர் செத்தார். ஆமாம் என்றால் கொன்றது தன் உத்தரவுதான் என்று சொன்னதாகிவிடும்.

"நான் சொன்னதத்தான் செஞ்சீங்க அண்ணே," என்றாள். "பூட்டை எடுத்துடுங்க. இனி ஆளுக்கு ஒருத்தர் கூடவே இருக்கட்டும். கையக் கழுவிக்கிட்டு வரட்டும், போதும்."

பூட்டு போயிற்று. கேட்டின் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தன. சந்திரமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்தபடி ஜனங்கள் வழக்கம்போலக் குந்தியிருந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. "அந்தர் ஆவோ, உள்ள வாங்க" என்று அவள் வராந்தாவிலிருந்து கூப்பிட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எழுந்திருக்கவில்லை.

பிரமீளாவின் மாமியாரும் அங்கே இருந்தாள். மருமகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை வாங்கிப் போக வந்திருந்தாள். மடியில் ஒரு பழைய புடவைத் துண்டை மடித்து வைத்திருந்தாள்.

சந்திரமதி குழந்தையை எடுத்துக்கொண்டு மழையிலேயே கேட்டுக்குப் போய் நீட்டினாள். கிழவி கையை நீட்டவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேலு மெல்ல நடந்து போய் மணியை அடித்தார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.