வராதவளின் அட்டை

அந்தச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு ‘மைக்செட்’ என்று பட்டப்பெயர். மேசையில் உட்கார்ந்தபடி ஒரு குரல் கொடுத்தால், வாசலில் செருப்புக் கழற்றுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சத்தம் போடாமல் இந்தக் கூட்டம் அடங்குமா என்று கேட்பார்.

இப்போது அந்தக் குரல் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டாலே பெரிது. தொண்டையில் கோளாறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். குரல் போனாலும் பட்டப்பெயர் போகவில்லை; ஆயா இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நடந்தது இதுதான். குழந்தை தள்ளிப்போட மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை உண்டு. எந்த மாதம் வரவேண்டுமோ அந்த மாதத்துக்கான தடுப்பில், ஒரு மரப்பெட்டிக்குள் அது நிற்கும். வராவிட்டால் அட்டையை அடுத்த மாதத்துக்கு நகர்த்தி, ஓரத்தில் தேதி போட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், நாலு பிள்ளை பெற்ற ஒருத்தி மூன்றாவது ஊசிக்கு வந்தாள். வீட்டில் தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். துணைக்கு வந்த மாமியார் பெஞ்சில் பக்கத்திலேயே இருந்தார். மைக்செட்டுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? அட்டையைப் பார்த்து, பழக்கதோஷத்தில் கூடமே கேட்கிற மாதிரி, “புள்ள வேணாம்னு ஊசி போட்டுக்கிறது நீதானேம்மா? வா, நாள் ஆயிடுச்சு” என்றார்.

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் எழுந்தாள். “நான் இல்லீங்க” என்றாள். மாமியார் முன்னே நடக்க, பின்னால் போனாள். பிறகு வரவேயில்லை. ஒரு வருடம் கழித்துச் செய்தி வந்தது. ஐந்தாவது பிரசவம், ரத்தம் நிற்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தால் போதும், பெஞ்சுப் பக்கமிருந்து “நான் இல்லீங்க” என்று அதே குரல் கேட்கும். கூப்பிட வந்த குரலை நர்ஸம்மா தாழ்த்திக்கொள்வார். அட்டையைக் கிழித்துப்போட எத்தனையோ தடவை கை போனது, மனசு வரவில்லை. செத்தவளின் அட்டையை மாதா மாதம் நகர்த்தித் தேதி போட்டுக்கொண்டே இருந்தார். ஓரம் நிரம்பி, பின்பக்கமும் பாதி நிரம்பிவிட்டது.

புதிதாக வந்த டாக்டரம்மா சேவையின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று கூட்டம் போட்டபோது எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நர்ஸம்மா மட்டும் மறுநாளே ஸ்டோர் ரூமிலிருந்த உடைந்த கட்டிலையும் பழைய பெட்டிகளையும் தன் கையாலேயே இழுத்து வெளியே போட்டார். கதவுள்ள அறை அது ஒன்றுதான். இனிமேல் பேருக்குப் பதில் டோக்கன் நம்பர். எதற்கு வந்தாய் என்ற கேள்வி கதவைச் சாத்திய பிறகுதான். “மைக்செட்டுக்கு என்ன வந்துச்சு, பேய் புடிச்ச மாதிரி வேலை செய்யுது” என்று ஆயா சிரித்தாள். அவள் சொன்னதில் தப்பொன்றுமில்லை.

அந்த அறைக்குத்தான் ஒரு நாள் ஏழாம் நம்பர் டோக்கனோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். கைக்குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். “தலைசுத்தல்” என்றவள், கதவு சாத்தியதும் “ஊசி” என்றாள். நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். மாதவிலக்கு முன்பின் ஆகும், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு முறையும் இருக்கிறது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அட்டையில் எழுதத் தாயார் பேரைக் கேட்டார். அவள் சொன்ன பேரைக் கேட்டதும் பேனா நின்றுவிட்டது.

“எங்கம்மாவும் இங்கதான் வருவாங்க” என்றாள் பெண். “மைக்செட்னு ஒரு நர்ஸ் ஊரு கேக்கக் கத்தி, வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அம்மாவ வெளியவே விடல. அந்தம்மா இன்னும் இங்க இருந்தா சொல்லிடுங்க, நான் இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன். அது நீங்க இல்லையே?”

உண்மையைச் சொன்னால் போய்விடுவாள். போனால் தாய்க்கு ஆனதுதான் மகளுக்கும். நர்ஸம்மா வாயைத் திறந்தார்.

“நான் இல்லீங்க.”

சின்னப் பெண்ணிடம் எதற்கு அந்த மரியாதை என்று அவருக்கே புரியவில்லை. பேசியது தன் குரல்தானா என்றும் புரியவில்லை.

ஊசி போட்டாயிற்று. வீட்டில் காட்டுவதற்குச் சத்து மாத்திரையும் கொடுத்தார். பெண் வாசல்படி வரை போயிருப்பாள், ஆயா வழக்கம்போலக் கூடத்திலிருந்து, “மைக்செட் சிஸ்டர், எட்டாம் நம்பர அனுப்பவா?” என்று குரல் கொடுத்தாள்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது காதில்கூட விழுந்திருக்காது. அந்தப் பெண் மட்டும் நின்றாள். திரும்பி, திறந்த கதவு வழியாக நர்ஸம்மாவைப் பார்த்தாள்.

“ஏன்டி நின்னுட்ட?” என்றாள் நாத்தனார்.

“ஒண்ணுமில்ல அண்ணி” என்று படியிறங்கினாள்.

அடுத்த மூன்று மாதம் நர்ஸம்மா கண்ணை மூடித் தூங்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீடு தேடிப் போகவும் வழியில்லை. போனால் இன்னொரு தடவை காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஊசிக்கான நாள் வந்தது. காலை போயிற்று, மத்தியானமும் போயிற்று. கடைசி டோக்கனோடு அவள் உள்ளே வந்து, தானே கதவைச் சாத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

“நான்தாம்மா அது” என்றார் நர்ஸம்மா.

“தெரியும். எனக்காக வந்தேன், உங்களுக்காக இல்ல.”

நர்ஸம்மா ஊசியைப் போட்டார். பிறகு, “அம்மா அட்டை இருக்கா?” என்றாள்.

நர்ஸம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓரத்துத் தேதிகளை அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“இத நீயே எடுத்துட்டுப் போயிடும்மா.” கெஞ்சலாகத்தான் கேட்டார் நர்ஸம்மா.

அவள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“வேணாம், இங்கயே இருக்கட்டும். அடுத்த மாசம் தேதி போட மறந்துடாதீங்க.”