மூன்று வினாடிக்குள்

விஜிலா ஈரப் பஞ்சை அப்பாவின் உதட்டில் வைத்த நேரத்தில்தான் நாய்க்குட்டி ஜூலி பின்வாசல் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது.

இரண்டில் எதை முதலில் கவனிப்பது என்பதற்கு அந்த வீட்டில் தெளிவான விதி இருந்தது. குட்டி பிறாண்டினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். விதியைப் போட்டவர் இப்போது கட்டிலில் வாயைத் திறந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் டாக்டர் வந்து இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். இருவர் கடமையும் முடிந்திருந்தது. பாக்கி இருந்தது விஜிலாவின் கடமையும், மூன்றரை மாத லாப்ரடார் குட்டியின் அவசரமும்.

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஜூலி முருங்கை மரத்தடி மண்ணுக்குப் பாய்ந்து, வழக்கமான இடத்தில் குந்தியது. விஜிலாவின் ஒரு காது உள்ளே அப்பாவின் மூச்சிலேயே இருந்தது. ஜூலி முடித்துவிட்டு, வாலை ஆட்டியபடி அவள் முகத்தைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. உள்ளே ஓடினாள்.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். இரண்டு நாளாகத் திறக்காத கண்.

"போனாளா?"

"போயிட்டாப்பா. வெளிய, மண்ணுலதான்."

"சொன்னியா?"

விஜிலாவுக்குப் பொய் சட்டென்று வரவில்லை. "இந்தா, சொல்லுதேன்ப்பா" என்றாள்.

அப்பாவின் வாய் கோணியது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவளுக்குப் பழக்கமான கோணல் அது.

"லேட்டு," என்றார்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் மூச்சு இருந்தது. இருபது நிமிடமும் அவள் கட்டிலோரம் தரையில் முட்டுக்கால் போட்டு, காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை வரலாம். வந்தால் அது தனக்கு வரலாம். நாற்பத்து மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு இருபது நிமிடம் ஒன்றும் பெரிதில்லை. பதினொன்றே காலுக்கு மூச்சு நின்றது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் காதை எடுக்கவில்லை.

ஜெரால்டு மச்சாது துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். கப்பல்கள் வந்தன, போயின. கரியும் உப்பும் ஏறின, இறங்கின. அதிலெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. எவன் எத்தனை மணிக்குக் கேட்டுக்குள் வந்தான் என்பதே அவர் கண்ட துறைமுகம். நேரத்துக்கு வந்தவனை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. "சரியா வாரதுக்குத்தாம்ல சம்பளம். அதுக்குப் பொறவு சபாஷ் வேறயா?" என்பது அவருடைய தத்துவம். அதை வீட்டுக்கும் எடுத்துவந்திருந்தார். நாசரேத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்த கடிதத்தை விஜிலா கொண்டுவந்து நீட்டியபோது, தேதியில் இருந்த தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார். அம்மா இறந்து, அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவள் வேலையை விட்டு வந்தபோது, ராஜினாமாக் கடிதத்தையும் வாங்கித் திருத்திக் கொடுத்தார். அது ஆறு வருடத்துக்கு முன்பு.

குட்டியை அனுப்பியவன் தம்பி ஜாக்சன். மும்பையில் கப்பல் கம்பெனி ஆபீஸில் இருக்கிறான். அப்பாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று அங்கிருந்தே அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆறு வருடமாகக் கூடவே இருந்த விஜிலாவை அவன் துணையில் சேர்க்கவில்லை. அவள் வீட்டில் இருப்பவள்.

முதல் வாரம் ஜூலி சோபாவை நனைத்தது, கால்மிதியை நனைத்தது, மாதா சுரூபத்துக்குக் கீழே இருந்த ஜெபப் பாயை நனைத்தது. அப்பா படுத்த நிலையிலேயே போனில் ஒரு வீடியோ பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கோயம்புத்தூர்க்காரர், குட்டியைப் பழக்குவது எப்படி என்று விளக்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும். தூங்கி எழுந்ததும் விட வேண்டும், தின்றதும் விட வேண்டும். ஒரே இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். உள்ளே போனால் அடிக்கக் கூடாது, மூக்கைத் தரையில் தேய்க்கக் கூடாது. வெளியே போனால் மூன்று வினாடிக்குள் பாராட்ட வேண்டும். மூன்று வினாடி தாண்டிவிட்டால் எதற்குப் பாராட்டு என்று நாய்க்குத் தெரியாது.

மேலிடத்து உத்தரவை அப்பா ஒருநாளும் மீறியதில்லை. கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார். ஒரு நோட்டில் கோடு போட்டு நேரம், இடம், உள்ளே அல்லது வெளியே என்று பதிய ஆரம்பித்தார்.

மறுநாள் காலை விஜிலா பின்பக்கக் குழாயடியில் அவருடைய மூத்திரப் பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"நல்ல புள்ள! நல்ல புள்ள!"

பை கையில் சொட்டச் சொட்ட அவள் திரும்பினாள். அப்பாவின் கண் முருங்கை மரத்தடியில் இருந்தது.

அன்றிலிருந்து ஆறு வாரம், ஒரு நாளைக்கு எட்டு முறையாவது அந்தக் குரல் கேட்டது. மச்சாது கிழவனுக்குக் கடைசிக் காலத்தில் மனசு இளகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் இளகவில்லை, உத்தரவை நிறைவேற்றினார் என்பது விஜிலாவுக்குத் தெரியும். மகளை வளர்ப்பது பற்றி அந்தக் காலத்தில் யாரும் அவருக்கு உத்தரவு போட்டிருக்கவில்லை. தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறை பையை மாற்றும்போதும், நேரத்துக்கு மாத்திரை கொடுக்கும்போதும், அவள் அறியாமலே அவள் கை ஒரு வினாடி தாமதித்தது.

கோயிலில் துக்க மணி அடித்து முடிப்பதற்குள் ஜேசுபாதம் மாமா வந்துவிட்டார். தென்கடல் ஓய்வுபெற்றோர் நல்வாழ்வுப் பேரவையின் நிறுவனர், பொதுச் செயலாளர், தணிக்கையாளர் எல்லாம் அவர்தான். பேரவைக்கு மொத்தம் பதினான்கு உறுப்பினர்கள், இன்றிலிருந்து பதின்மூன்று. அழ வேண்டிய இடத்தில் அழுது முடித்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே விஜிலாவிடம் வந்தார்.

"மக்கா, ஃப்ளெக்ஸ்காரன் லைன்ல இருக்கான். மச்சாது கடைசியா என்ன சொன்னாரு? கரெக்டாச் சொல்லு."

"லேட்டுன்னு சொன்னாரு மாமா."

"என்னது?"

"லேட்டுன்னு."

ஜேசுபாதம் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "இயேசுவேன்னு சொல்லலியா?"

"இல்ல மாமா."

"மரியேன்னு?"

"இல்ல."

"மனசுக்குள்ள சொல்லியிருப்பாரு," என்றார் ஜேசுபாதம். பொத்திய கையை எடுத்துவிட்டு, "எழுதிக்கடே. இறுதி மூச்சிலும் இயேசுவின் திருநாமம். கீழ, காலம் தவறாத கர்மவீரர்னு போடு. பின்னால ஒரு கப்பல் வை. பெரிய கப்பலா வை," என்றார்.

மாலைக்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் எழும்பியது. அப்பாவின் தலைக்குப் பின்னால் பயணிகள் கப்பல் ஒன்று நின்றது. அந்த மாதிரிக் கப்பலை அவர் வாழ்நாளில் பக்கத்தில் பார்த்ததில்லை. அப்பாவின் படத்தைவிட ஜேசுபாதத்தின் படம் சிறியதுதான். ரொம்பச் சிறியது என்று சொல்ல முடியாது.

வீட்டில் குட்டியை எல்லோரும் மறந்துபோனார்கள். குளியலறைக் கதவில் கட்டிப் போட்டிருந்த ஜூலி மதியத்திலிருந்து முனகிக்கொண்டிருந்தது. ஒப்பாரியில் அது கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தபோது பின்வாசலில் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜூலி அங்குமிங்கும் ஓடிப் பார்த்தது. கடைசியில் கூடத்துச் சுவரோரம் தரையில் கிடத்தியிருந்த பேரவையின் மலர் வளையத்தின் மேல் குந்திவிட்டது.

"ஏளா, இந்தச் சனியன மொதல்ல வெளிய தள்ளு!" என்று டெல்பின் சித்தி கத்தினாள்.

ஜேசுபாதம் குனிந்து வளையத்தைப் பார்த்தார். ரிப்பனில் எழுதியிருந்த பேரவை என்பதில் 'பேர' வரைக்கும் நனைந்திருந்தது. "பொறுப்புள்ள வீட்ல இப்படியாளா வளப்பீங்க?" என்றார்.

விஜிலா துணி எடுத்துவந்து துடைத்தாள். ஜூலி பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, காதை மடக்கி, கட்டில் இருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஜாக்சன் மறுநாள் காலை விமானத்தில் வந்தான். சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அடுக்களைக்கு வந்தான். விஜிலா வந்தவர்களுக்குப் பால் விடாத கட்டங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பா என்னையக் கேட்டாரா?"

அவள் அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

"ஏதாச்சும் சொல்லியிருப்பாருல்லா? எனக்குன்னு?"

முப்பத்தெட்டு வயது. முன்தலை வழுக்கை. சட்டைப் பையில் விமான டிக்கெட் துண்டு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். விஜிலா அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள், கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவளைப் போல. அந்த வீட்டில் ஒரே ஒரு நல்ல வார்த்தைதான் புழக்கத்தில் இருந்தது.

"நல்ல புள்ளன்னு சொன்னாரு."

"யாரு, அப்பாவா?"

"ஆமா."

"என்னையவா?"

"ஒன்னையத்தான். ரெண்டு தடவ சொன்னாரு. நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு."

ஜாக்சன் கேஸ் சிலிண்டரின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. "உசுரோட இருந்தப்ப ஒரு தடவ சொன்னதில்லயேக்கா. ஒரு தடவ."

"நீ இல்லாதப்ப சொல்லுவாரு."

இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நேற்று ஒரு சின்னப் பொய்க்கு நாக்கு எழவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன் வாசலில் நின்று திரும்பினான். "ஒனக்கு என்னக்கா சொன்னாரு?"

"எனக்கென்ன. நான் இங்கனதான இருக்கேன்," என்றாள் விஜிலா. காப்பியை டம்ளர்களில் ஊற்றினாள்.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஜாக்சன் மைக்கை வாங்கி, அப்பா கடைசியாகத் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தையைச் சொன்னான். கூட்டம் விம்மியது. ஜேசுபாதத்தின் முகம் கறுத்தது. அவருடைய ஃப்ளெக்ஸில் வேறு வார்த்தை அல்லவா இருக்கிறது! ஆக மச்சாதுவின் கடைசி வார்த்தைகள் இரண்டு ஊருக்குள் நடமாட ஆரம்பித்தன. அவர் சொன்னது அந்த இரண்டிலும் இல்லை.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பெண்கள் ஒவ்வொருவராக வந்து விஜிலாவின் கையைப் பிடித்தார்கள். "நல்லா பாத்தே ஏளா", "ஒன்ன மாதிரி யாரு பாப்பா", "அந்த மனுசன் குடுத்து வச்சவரு". அவள் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். யாரைப் பற்றியோ பேசுவதுபோல் இருந்தது.

அடுத்த நாள் காலை ஜாக்சனின் சிநேகிதன் பாண்டியராஜ் ஆறுமுகநேரியிலிருந்து காரில் வந்தான். உப்பளத்தை ஒட்டி அவனுக்குப் பெரிய காம்பவுண்டு வீடு.

"நீ ஒத்தையில இத வச்சிக்கிட்டு எப்படிக்கா மாரடிப்பே?" என்றான் ஜாக்சன். "இந்த வீட்டையும் என்ன செய்யன்னு பாக்கணும். சாவகாசமாப் பேசுவோம். நீ மும்பைக்கு வந்தாலும் அங்க அபார்ட்மெண்டு. நாய்லாம் முடியாது."

விஜிலா மறுக்கவில்லை. மறுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஜூலியின் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அது படுக்கும் சாக்கோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

பாண்டியராஜ் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெளிய போகப் பழகிருக்கா? வீட்ல இப்பத்தான் டைல்ஸ் போட்டோம். அசிங்கம் பண்ணிச்சுன்னா எங்க அம்மா என்னையச் சேத்து வெளிய தள்ளிரும்."

"எங்கப்பா பழக்குனதுலே!" என்றான் ஜாக்சன். "துறைமுகமே அவருக்குப் பயந்துச்சு."

"அதில்லடே. சில குட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கியிருப்பாங்க. அதச் சொன்னாத்தான் அதுக்குச் சரியாப் பண்ணிருக்கோம்னு தெரியும். இல்லன்னா புது எடத்துல தெகைச்சுப் போயிரும்." பாண்டியராஜ் விஜிலாவின் பக்கம் திரும்பினான். "அப்படி எதும் உண்டாக்கா? என்ன சொல்லணும்?"

ஜாக்சனும் திரும்பிப் பார்த்தான். அழுது வீங்கிய கண்ணில் ஆவல் இருந்தது. அப்பாவைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளப் போகிறவனின் ஆவல்.

அந்த இரண்டு வார்த்தையும் விஜிலாவின் நாக்கு நுனி வரை வந்தன. அவள் தம்பியின் கண்ணைப் பார்த்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றாள். "கதவத் திறந்துவிட்டாப் போதும்."

"சொல்லவே வேண்டாமா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜூலி வாசல் மண்ணில் இறங்கி, காருக்குப் பக்கத்தில் இடம் மோந்து, குந்தியது. முடித்துவிட்டு நிமிர்ந்து விஜிலாவைப் பார்த்தது. பிறகு ஜாக்சனைப் பார்த்தது. பாண்டியராஜைப் பார்த்தது. மறுபடி விஜிலாவிடம் வந்தது. வால் ஆடிக்கொண்டே இருந்தது. மெதுவாக நின்றது.

"டயர்ல படலல்லா?" என்று குனிந்து பார்த்துவிட்டு, பாண்டியராஜ் அதைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

கார் தெருமுனை திரும்பியதும் ஜாக்சன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வாசலில் ஷாமியானாக்காரர் ஏணிமேல் நின்று கடைசிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். துணி ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. மூன்று நாளாக வாசலில் படாத வெயில் நேராக மண்ணில் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா," என்றார் அவர். "மடிக்கணும்."

விஜிலா தள்ளி நின்றாள்.