வேப்பிலைப் படுக்கை

விழுப்புரத்து டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். "இந்த மாத்திரையில சிலருக்குத் தோல் கூசும்மா. வெயில் பட்டா சிவந்துபோகும், எரியும். பயப்படாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க." பயத்துக்கு மருந்து வாங்க வந்தவளிடமே பயப்படாதீங்க என்றால் அவள் என்ன செய்வாள்? அஸ்வினி தலையை ஆட்டிவிட்டு, மாத்திரை அட்டையைக் கைப்பையின் உள்ஜிப்பில் ஒளித்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள்.

திண்டிவனத்தில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் அங்கே ஒரு டாக்டர் வாசலில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு ராஜாமணிக்குத் தெரிந்துவிடும். ராஜாமணிக்குத் தெரிந்தால் தெருவில் வேறு யாருக்கும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அனந்தபுரத்தில் ராஜாமணியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் துணிகளுக்கடியில் இந்த மாதிரி மாத்திரை அகப்பட்டது. ஒரே வாரத்தில் அவளைப் பெட்டியோடு அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ராஜாமணி அதைச் சொன்னபோது மாமியார் சௌந்தரம் "அய்யோ பாவம்" என்றாள். பெண்ணைச் சொன்னாளா, அவள் புருஷனைச் சொன்னாளா என்று அஸ்வினிக்கு விளங்கவில்லை. கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஆகியும் புருஷன் அருளிடம்கூட அவள் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம்.

மாத்திரை என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கும் கல்லூரி ஆபீசில் போன் அடித்தால் முன்பெல்லாம் நெஞ்சு அடைக்கும். இப்போது எடுத்துப் பேசினாள். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்ற ஒரு திங்கட்கிழமை, கன்னமும் கழுத்தும் கையும் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டன. முந்தானை உரசினாலே சுரீரென்றது.

வீட்டுக்குள் நுழைந்தவளின் கழுத்தைப் பார்த்த சௌந்தரம், கிட்டே வந்து தொட்டாள். அஸ்வினி துடித்து விலகினாள். சௌந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா."

"இல்லத்தே, வெயிலுதான்."

"அப்படிலாம் சொல்லக் கூடாது. தாயிக்குக் கோவம் வரும்."

அதற்குப் பிறகு அங்கே அஸ்வினி சொல்லுக்கு மதிப்பேது? வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. ஆத்தா இருக்கும் வீட்டில் மருந்து மாத்திரை கூடாது என்று, வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் சௌந்தரம் பீரோவில் வைத்தாள். ஊரெல்லாம் சுற்றிவந்த பை என்று அஸ்வினியின் கைப்பையையும் அதிலிருந்த போனோடு உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அருள் லோடு ஏற்றிக்கொண்டு ஹூப்ளி போயிருந்தான். அம்மாவின் போனில், "அம்மா சொல்றபடி இரு" என்றான். நல்ல பிள்ளை.

பையைக் கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். எதற்கு என்று சௌந்தரம் கேட்பாளே. அனந்தபுரத்துப் பெண்ணின் பெட்டி கண்முன் வந்து நிற்க, அஸ்வினி வாயை மூடிக்கொண்டாள்.

வேப்பிலைப் படுக்கை மற்றவர்களுக்குக் குளிர்ச்சி. அவளுக்கு ஒவ்வொரு இலையின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. சௌந்தரம் பக்கத்தை விட்டு நகராமல், வேப்பங்கொத்தால் பூப்போல வருடிக்கொடுத்தாள். மெதுவாக வருட வருடத்தான் அதிகமாக எரிந்தது. அஸ்வினி பல்லைக் கடித்தால், "தாயி எறங்குது" என்று மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாம் நாள் மத்தியானம் வருடிக்கொண்டே சௌந்தரம் முணுமுணுத்தாள். மருமகளிடம் இல்லை, அவள் மேல் இருக்கும் ஆத்தாவிடம். "எம் மருமவ மனசுல இன்னாவோ வச்சுக்கினு கீது தாயே. சிரிச்சாலும் பாதிதான் சிரிக்குது. எங்கிட்ட சொல்ல மாட்டேங்குது. நீதான் அதச் சொல்ல வைக்கணும்." அஸ்வினி கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தாள். அழுகை வந்தது, அழுதால் உப்புத் தண்ணீர் கன்னத்தில் எரியுமே என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அவளுக்குக் கைகால் நடுங்க ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. சௌந்தரம் எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பீரோவில் போன மாத்திரைகளில் அவளுடைய பிரஷர் மாத்திரையும் உண்டு. போன வருஷம் ஒரு வாரம் அதை விட்டதற்கே பெருமுக்கல்லில் மல்லாட்டை பிடுங்கப் போன கொல்லையில் மயங்கி விழுந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தவள்.

"அத்தே, தலை சுத்துதா?"

"எனக்கு இன்னா. தாயி போகட்டும், அப்புறம் போட்டுக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ராஜாமணி இளநீரோடு வந்தாள். உள்ளே வரக்கூடாதென்று வாசற்படியில் நின்றவள், அஸ்வினியின் நடுக்கத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, தாயி ஆடுதுக்கா. ஜல்தி கேளு, இன்னா வேணும்னு கேளு."

சௌந்தரம் கைகூப்பி எதிரில் நின்றாள். "இன்னா வேணும் தாயே? இன்னா குறை வச்சோம்?"

மூன்று நாளில் முதல்முறையாக அஸ்வினி சொல்வதைக் கேட்க ஆள் தயாராக இருந்தது. ஆத்தாவாகவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ரகசியமும் தப்பும், மாமியாரும் தப்பிப்பாள். அவள் குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"பீரோவத் தெற. உன் மாத்திரையப் போடு."

சௌந்தரத்தின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. "சோதிக்காத தாயே. நீ மலையேறுற வரைக்கும் அதக் கையால தொட மாட்டேன்."

"சோதனதாங்க்கா, ஏமாந்துடாத" என்றாள் வாசற்படியிலிருந்து ராஜாமணி.

ஆத்தாவே சொல்லியும் கேட்காத பக்தியை என்ன செய்வது? காலில் விழக் குனிந்த சௌந்தரம் நிமிர முடியாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

அஸ்வினி எழுந்து உட்கார்ந்தாள். முதுகில் ஒட்டிய இலைகள் பிய்ந்து விழுந்தன.

"அத்தே, ஆத்தா வரல. நான்தான் பேசறேன், அஸ்வினி. எனக்குக் காரணமே இல்லாம பயம் வரும். அதுக்கு விழுப்புரத்துல டாக்டரப் பாத்து மாத்திரை சாப்பிடறேன். அதாலதான் தோலு இப்படி. மூணு நாளா அதப் போடல, அதான் நடுங்குது. நீங்க உங்க மாத்திரையப் போடுங்க. அப்புறம் என்னைய எங்க அனுப்பறதுன்னாலும் அனுப்புங்க."

ராஜாமணி இளநீரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "இன்னா மாத்திரடியம்மா அது?"

சௌந்தரம் இடுப்பிலிருந்து சாவியை உருவித் தரையில் வைத்துத் தள்ளினாள். அஸ்வினி தள்ளாடிப் போய் பீரோவைத் திறந்து, இரண்டு அட்டையும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். சௌந்தரம் தன் மாத்திரையை விழுங்கிவிட்டு, மற்ற அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ராஜாமணி, எளநிய அங்க வச்சிட்டுப் போ. எம் மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல."

ராஜாமணி போனாள். அவள் தெருமுனைக்குப் போவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சௌந்தரம் அட்டையை நீட்டினாள். "மொதல்ல அந்த டாக்டருக்கு போன் போடு. எவ்ளோ போடணும்னு கேளு. அருள் வரட்டும், அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அஸ்வினியின் அழுகை இப்போது அடங்கவில்லை. சௌந்தரம் அவள் தலையைத் தடவக் கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தினாள்.

"தொட்டா எரியுமா?"

"எரியும் அத்தே."

கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மருமகள் மேல் விரல் படாமல், பாயிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"வாசல்ல கட்னதையும் அவுத்துடட்டுமா அத்தே?"

"அது இருக்கட்டும். நான் கேட்டதக் குடுத்துட்டுத்தான போயிருக்கா."